சகாயசெல்வி ஓடாமல் விட்ட பாதி

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிற பெண்கள் நடப்பதில்லை, ஓடுவார்கள். ஈர உப்பு நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெள்ள நடந்தால், உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கண்ணில் இறங்கும், கழுத்தில் இறங்கும், ரவிக்கைக்குள் போய் அரிக்கும். அதனால் பாத்தியிலிருந்து உப்பு கொட்டும் அம்பாரம் வரைக்கும் வரப்பின் மேல் ஒரே குலுக்கோட்டம்தான். சகாயசெல்வி அந்த ஓட்டத்தைப் பதினாறு வயதில் தொடங்கினாள். நாற்பது வயது வரைக்கும் அதற்கு ஓட்டம் என்று பெயர் உண்டென்றே அவளுக்குத் தெரியாது. வேலை என்றுதான் நினைத்திருந்தாள்.

கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தியின் கை வேண்டும். தனி ஆளால் ஆகாது. அதனால் உப்பளத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. செல்விக்குப் பொன்னி. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி கூடையை ஒருத்தி தூக்கிவிட்டார்கள். பொன்னி வீட்டுப் பொங்கல் பானையில் முதல் கரண்டி செல்வி வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குச் செல்வி சுடுகிற அதிரசம் பொன்னிக்கு வைத்தது போகத்தான் வீட்டுக்கு. ஊரில் யாராவது இவர்களில் ஒருத்தியைப் பற்றி விசாரித்தால் இருவரையும் சேர்த்துத்தான் பதில் வரும்.

இவர்களை ஓட்டக்காரிகள் என்று முதலில் சொன்னவன் பிரம்மதேசத்துக் கௌதமன். ஆரோவில்லில் ரொட்டி சுடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவன், முப்பது வயசு. விடிகாலையில் ஈ.சி.ஆர். ரோட்டில் அரைக்கால் டிராயரோடு ஓடுவான். ஒருநாள் ரோட்டை ஒட்டிய வரப்பில் இந்த இரண்டு பேரும் வெறும் கூடையோடு பாத்திக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் அவன், வரப்பில் இவர்கள். கொஞ்ச தூரம் பக்கவாட்டில் ஓடிப் பார்த்துவிட்டு அவன் வேகத்தைக் கூட்டினான். இவர்களும் கூட்டினார்கள். மதகு வரும்போது அவன் பின்னால் இருந்தான்.

மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்துப் பொன்னி கேட்டாள்: "ஏம்பா, யாராச்சும் தொரத்துறாங்களா உன்னை?"

அவன் சிரித்துக்கொண்டே மாரத்தான் என்றால் என்னவென்று விளக்கினான். பாதி ஓட்டம் என்றால் இருபத்தொரு கிலோமீட்டர், முழு ஓட்டம் என்றால் நாற்பத்திரண்டு. அது எவ்வளவு தூரம் என்று செல்வி கேட்டதற்கு, மரக்காணத்தில் கிளம்பினால் பாண்டி பஸ் ஸ்டாண்டையும் தாண்டி இன்னும் கொஞ்சம் போகணும் என்றான்.

"அடியே செல்வி," என்றாள் பொன்னி, "தலையில கூடை இல்லாம ஓடுறதுக்குப் பேரு போட்டியாண்டி? நாம ரெண்டு பேரும் ஒருநாள் பாண்டி வரைக்கும் ஓடிடலாம். பஸ்சுல சீட்டு புடிக்கிற சண்டை மிச்சம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பொன்னி விளையாட்டாகச் சொன்னதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் இருவரும் புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் ஓட ஆரம்பித்தார்கள். செல்வியின் வீட்டுக்காரர் குழந்தைசாமி அதே அளத்தில் பலகையால் உப்பு வாருகிறவர். மனைவிக்குக் காலைச் சோற்றை டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தெருவே கேட்கச் சொல்வார், "ஓடிப் போற பொண்டாட்டிக்குச் சோறு கட்டிக் குடுக்குற மொத புருஷன் இந்த ஊர்ல நான்தான்."

அந்த மார்கழியில் பொன்னிக்குக் கால் வீங்கியது. உப்பளத்தில் கால் வீங்காத ஆள் யார் என்று விட்டுவிட்டார்கள். பிறகு முகம் வீங்கியது, சோறு இறங்கவில்லை. பாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். டாக்டர் தண்ணீர் எவ்வளவு குடிப்பாள் என்று கேட்டிருக்கிறார். பொன்னி வாய் திறப்பதற்குள் அவள் புருஷன் நடராசன், "நல்லாத்தாங்க குடிப்பா" என்று சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. வீட்டில் சாயங்காலம் அவள் சொம்பு சொம்பாகக் குடிப்பதைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

அளத்துப் பெண்கள் தங்களுக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பொன்னிக்குப் பாதத்தில் வெடிப்பு அதிகம். வெடிப்பு வழியாக உப்பு உடம்புக்குள் ஏறி, கிட்னியைத் தின்றுவிட்டது. செல்விக்கும் அதில் சந்தேகம் இல்லை. வெடிப்பில் உப்பு இறங்கும்போது எரிகிற எரிச்சல் அவளுக்குத் தெரியும். அப்படி எரிகிறது சும்மா விடுமா?

பங்குனியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது பொன்னி பாதியாக இருந்தாள். கையில் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. அப்போதும் வாய் அடங்கவில்லை.

"பாண்டிக்கு ஓடி வர்றேன்னு சொல்லிட்டு பஸ்சுல வர்றியே, வெக்கமா இல்ல?"

"நீ எழுந்து வா. ரெண்டு பேரும் ஓடலாம்."

"நான் எங்கடி வர்றது. அந்த நாப்பத்திரண்டை நீயாவது ஓடி முடிச்சிடு. நடுவுல மட்டும் நிக்காத, எனக்குக் கெட்ட பேரு."

நான்கு நாளில் போய்விட்டாள். அவளை எடுத்துப் போன மறுநாள் அளத்தில் செல்வி கூடையை நிரப்பிவிட்டு, தூக்கிவிட ஆள் இல்லாமல் வெகுநேரம் குனிந்தபடியே நின்றாள். பிறகு லட்சுமியம்மாள் வந்து கை கொடுத்தாள். அன்றிலிருந்து லட்சுமியம்மாள் ஜோடி. கைதான் கிடைத்தது, வாய் கிடைக்கவில்லை என்று செல்வி வீட்டில் சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு முழு ஓட்டம் ஒன்றுதான் குறி. கௌதமனைத் தேடிப் போய்க் கேட்டாள். அவன் எடுத்த எடுப்பில் முழு ஓட்டம் வேண்டாம் என்றான். அடுத்த மாசியில்தான் அது வருகிறது, அதற்கு முன்னால் ஆவணியில் பாண்டியில் ஒரு பாதி ஓட்டம் இருக்கிறது, அதை ஓடுங்கள், அது உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று காட்டிக் கொடுக்கும், அதை வைத்து மீதியைத் தீர்மானிக்கலாம் என்றான். நல்ல யோசனைதான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செல்வி முதல் வேலையாக ஷூ வாங்கினாள். ஓடுவதற்கு மட்டுமில்லை, அளத்துக்கும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். பொன்னியைக் கொண்டுபோனது தன் பாதத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. ராத்திரி படுக்கும்போது வெடிப்பில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள் ஒன்றை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நினைப்பதற்கு அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கும். ஒரு புதர் கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது. இந்தக் கோடியில் ஒருத்தி குனிந்தால் அந்தக் கோடியில் பலகை பிடித்திருக்கும் ஆம்பிளைக்குத் தெரியும். அங்கே பெண்பிள்ளை எங்கே ஒதுங்குவாள்? அதனால் ராத்திரிச் சோற்றோடு தண்ணீர் முடிந்தது. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய் மத்தியானம் வீடு திரும்பும் வரைக்கும் ஒரு சொட்டு இறங்காது. நாக்கு ஒட்டினால் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார்கள், அவ்வளவுதான். புதிதாக வருகிற பெண் தாகம் தாங்காமல் குடித்துவிட்டு அவதிப்பட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாசத்தில் அவளும் பழகிவிடுவாள். அடக்குவதில் செல்வியை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஞாயிறு ஓட்டங்களில் கௌதமன் பாட்டிலை நீட்டுவான். அவள் வாங்கி ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். சில ஓட்டக்காரர்கள் அப்படிச் செய்வதை அவன் பார்த்திருக்கிறான், அதனால் தப்பாகத் தெரியவில்லை. முதலிலேயே வேகம் எடுக்காதீங்க அக்கா என்றான். முந்தின நாள் நன்றாகத் தூங்கச் சொன்னான், வாழைப்பழம் சாப்பிடச் சொன்னான். மனுஷிக்குத் தண்ணீர் குடி என்று எவன் சொல்லித் தருவான்? அவளும் ஒரு ஆம்பிளைப் பிள்ளையிடம், நான் காலையில் தண்ணீர் குடிக்கிறதில்லை, இன்னதுக்காக என்று எப்படிச் சொல்வாள்?

ஆவணி ஞாயிறு வந்தது. சனிக்கிழமையும் அவள் கூடை சுமந்திருந்தாள். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கி எப்போதும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் மாத்திரையில் ஒன்றை, ஓடுவதற்கு முன் தண்ணீர் இல்லாமல் வெறும் வாயில் போட்டு விழுங்கினாள். மார்பில் குத்திய அட்டையில் அவள் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அவளுக்குப் படிக்க வராது. குழந்தைசாமி யாரோ ஒரு காலேஜ் பையனிடம் காட்டி, செல்வி என்றுதான் போட்டிருக்கிறதா, முழுப் பெயரும் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கடற்கரைச் சாலையில் விசில் ஊதியதும் கும்பல் கிளம்பியது. முதல் ஐந்து கிலோமீட்டர் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது. தலையில் பாரம் இல்லை, காலுக்கடியில் வழுக்கும் வரப்பு இல்லை, கழுத்தில் எதுவும் சொட்டவில்லை. இப்படியும் ஓடலாமா என்று அவளுக்கே ஆச்சரியம். பொன்னி சொன்னது சரிதான், கூடை இல்லாமல் ஓடுவதற்குப் பேர் போட்டியா?

இரண்டு கிலோமீட்டருக்கு ஒருதரம் மேசை போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட பெண்பிள்ளைகள் கூடவே ஓடிவந்து டம்ளரை நீட்டினார்கள். செல்வி ஒவ்வொரு இடத்திலும் வாங்கினாள், கொப்பளித்தாள், துப்பினாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அவள் குடித்த மாதிரிதான் தெரிந்திருக்கும். பெண்களுக்கென்று தனியாகக் கக்கூஸ் வண்டிகளும் நின்றன. அதை அவள் பார்த்தாள். ஆனால் இத்தனை ஜனத்துக்கு நடுவில், மார்பில் பேரை எழுதி ஒட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைத் திறக்க அவளால் முடியாது. முடியாதென்றால் முடியாதுதான்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் வியர்வை நின்றுபோனது. கையைத் தடவிப் பார்த்தால் உப்புப் பூத்துக் கிடந்தது. அளத்தில் தினம் பார்க்கிற பூப்புதானே என்று பயப்படவில்லை. காது அடைத்தது. அந்த அடைப்புக்குள் பொன்னி, நடுவுல மட்டும் நிக்காத என்றாள். செல்வி நிற்கவில்லை. இரண்டு மணி பதினோரு நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினாள். கௌதமன் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான். அக்கா, இது சும்மா நேரமில்லை, இந்த ஓட்டத்துக்கு மாசியில் முழுசையும் நிச்சயம் முடிச்சிடுவீங்க என்றான்.

"இன்னும் இதே அளவு ஒருதரம், அவ்ளோதானே?" என்று கேட்டாள் செல்வி.

மெடலைக் கழுத்தில் போட்டு, கையில் ஒரு முழு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை. மரக்காணத்துக்குப் பஸ்ஸில் போகணும், வழியில் எங்கே இறங்குவது? வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் போய்க் குடித்தாள். ஆனால் ஒன்றுக்குப் போனது கொஞ்சம்தான், அதுவும் கடுங்காப்பி நிறத்தில். களைப்பு என்று நினைத்தாள். வீட்டுக்காரரிடம் சொல்கிற சமாச்சாரமா அது? மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போல வேலைக்குப் போனாள். ஒன்பதாவது கூடையில், வரப்பின் மேல், கூடையோடு விழுந்தாள். உப்பு முகத்தில் கொட்டியது. லட்சுமியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தி எல்லாரையும் கூப்பிட்டாள்.

பொன்னி கிடந்த அதே ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு வயசு குறைவுதான், ஆனால் பொறுமைசாலி. குழந்தைசாமியை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது நல்லதாகப் போயிற்று. அவர் இருந்திருந்தால் அவரும் நல்லாத்தான் குடிப்பா என்றுதான் சொல்லியிருப்பார்.

"வேலைக்குப் போறப்போ கடைசியா எப்பம்மா தண்ணி குடிப்பீங்க?"

"முந்தின நாள் ராத்திரிங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு வயசுலேருந்துங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மெதுவாக எல்லாம் சொன்னாள். ஒரு கிட்னி சுருங்கி வெகுநாளாகிவிட்டது. இன்னொன்று அரை உசிரில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல், வெறும் வயிற்றில் வலி மாத்திரையோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியதும் அதுவும் படுத்துவிட்டது. மிஷினில் வைத்து ரத்தம் சுத்தம் பண்ணினால் கொஞ்சம் தேறும், முழுக்கத் தேறாது. கூடை சுமக்கக் கூடாது. ஓட்டம் கூடவே கூடாது.

செல்வி கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, உப்பு பாதம் வழியா ஏறலீங்களா என்று கேட்டாள். ஏறாதும்மா என்றாள் டாக்டரம்மா. அப்போதுதான் செல்வி அழுதாள். பொன்னி இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தில் எண்ணெய் பூசிவிட்டுக்கொண்டிருந்தவள் இவள். நடராசன் சொல்லாமல் விட்டதை இவளாவது சொல்லியிருக்கலாம். கட்டிலோரம் இருந்தவர்களில் இவளுக்கு மட்டும்தான் தெரியும், இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்று ஒன்றாகக் கொப்பளித்துத் துப்பியவள் இவள்தானே.

கௌதமன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். பழம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் அதை வாங்கி வைத்துவிட்டாள். அவன் கட்டிலோரம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்கிட்ட எப்படிப்பா சொல்லுவேன்?"



எட்டு தரம் மிஷினில் வைத்தார்கள். கார்த்திகைக்குள் கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் பெரிய கொடுமை. இத்தனை வருஷம் குடிக்காத தண்ணீரை இப்போது குடிக்கலாம் என்று பார்த்தால், அளந்துதான் குடிக்கணும் என்றார்கள். நாளைக்கு ஒரு பாட்டில், அதில் மருந்து விழுங்குகிற தண்ணீரும் அடக்கம். குழந்தைசாமி காலையில் பாட்டிலை நிரப்பி, மத்தியானம் வரைக்கும் இவ்வளவு என்று பேனாவால் கோடு போட்டு வைப்பார். மனுஷன் தெருவில் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகிறது.

முழு ஓட்டத்துக்குக் கௌதமன் முன்பே அவள் பேரைப் பதிந்திருந்தான். மாசி பிறந்ததும் பேர் போட்ட அட்டை வந்தது. கொடுக்கவா வேண்டாமா என்று நாலு நாள் வைத்திருந்து, கடைசியில் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார்கள் என்று கேட்டாள். அஞ்சு மணிக்கு என்றான். எத்தனை மணிக்கு மூடுவார்கள்? பதினோரு மணிக்கு, அதற்குள் வராதவர்களை வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

பாண்டியில் முழு ஓட்டம் நடந்த ஞாயிறுதான் அளத்தில் புது உப்பு எடுக்கிற முதல் நாள். விடியுமுன் செல்வி கிளம்பினாள். குழந்தைசாமி எங்கே என்று கேட்டார். அளத்துக்கு என்றாள். கூடையைத் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். நாலு சவுக்குக் கம்பும் ஒரு குடம் தண்ணீரும் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு பழைய நைலக்ஸ் புடவையும் அவளிடம் இருந்தது. அது பொன்னியுடையது, நடராசனிடம் கேட்டு வாங்கி வந்தது.

அம்பாரத்துக்குப் பின்னால், ஆம்பிளைகள் வேலை செய்கிற பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில் கம்புகளை நட்டுப் புடவையைச் சுற்றிக் கட்டினாள். கடல்காற்று ஒரு பக்கத்துக் கம்பைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. ஈர மண்ணில் அது நிற்கவில்லை. மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடையோடு வந்த பெண்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். லட்சுமியம்மாள் சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள், "இத்தினி வருஷம் அடக்கினவளுங்களுக்கு இப்ப வந்து மறைப்பு கட்றியா? யாருடி இதுக்குள்ள போவா?"

"நீ போ. குடத்துல தண்ணி இருக்குது, குடிச்சிட்டு வேலையைப் பாரு. தாகம் எடுக்குறதுக்கு முன்னாடி குடி."

"குடிச்சிட்டு?"

"குடிச்சிட்டு இங்க வா. நான் நிக்கிறேன்."

லட்சுமியம்மாள் சும்மாட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வெயில் ஏறியது. கிழக்கே பாத்திகளில் கண் கூசியது. ஏழு மணிக்கு மேல் ஆகியிருக்கும், பாண்டியில் இந்நேரம் பாதி தாண்டியிருப்பார்கள். பொன்னி இருந்திருந்தால், பாதி ஆயிடுச்சிடி, இன்னும் இதே அளவு என்று சொல்லியிருப்பாள். செல்விக்குக் கை கடுத்தது. புடவை படபடவென்று அடித்துக்கொண்டது. பெண்கள் கூடையோடு அந்தப் பக்கம் ஓடுவதும் வெறுங்கூடையோடு இந்தப் பக்கம் ஓடுவதுமாக இருந்தார்கள். குடத்தை ஒருத்தியும் திறக்கவில்லை.

எட்டரை மணிக்கு ஒருத்தி வந்தாள். தலையைக் குனிந்தபடி வந்து குனிந்தபடியே போய்விட்டாள். ஒன்பதரைக்கு இன்னொருத்தி. குழந்தைசாமி அந்தப் பக்கத்திலிருந்து, போதும் வீட்டுக்குப் போ என்று பலகையைத் தூக்கிச் சைகை காட்டினார். அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

பத்தரை மணிக்கு லட்சுமியம்மாள் வந்து நின்றாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, இவளை முறைத்துப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்தாள்.

"அந்தாண்ட திரும்பிக்க. பார்த்தியோ, அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செல்வி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாண்டி போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பதினோரு மணி வரைக்கும் அவள் புடவையை விடவில்லை. ஆறு மணி நேரத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள். அளத்தில் அன்று வேலை செய்த பெண்கள் இருபத்தேழு பேர். மற்றவர்கள் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனார்கள். புடவையை மடித்துக் கட்டும்போது அவள் தன் பாட்டிலைப் பார்த்தாள். பேனாக் கோட்டுக்கு மேல் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதை ஊற்றிக்கொண்டு, பழக்கத்தில் துப்பப் போனவள், நிறுத்தி, மெள்ள விழுங்கினாள்.